வாயில் வெடிக்கும் பச்சை உருண்டை, விருந்துக் கேக்கான கதை



சிங்கப்பூருக்கோ மலேசியாவுக்கோ வந்து போன உறவினர் எவரேனும் உங்கள் வீட்டில் இருந்தால், ‘ஒண்டே ஒண்டே’ என்று சொல்லிப் பாருங்கள். அவர் முகத்தில் ஒரு புன்னகை மலரும். நெல்லிக்காய் அளவில், வெண்ணிறத் தேங்காய்த் துருவல் போர்த்திய பச்சை உருண்டை அது. அதைப் பாதியாகக் கடிக்கக் கூடாது என்பதே முதல் பாடம். முழுதாக வாயில் இட்டு, உதடுகளை நன்கு மூடிக்கொண்ட பிறகுதான் பல்லை அழுத்த வேண்டும். உள்ளே உருகி நிற்கும் சர்க்கரைப் பாகு அப்போது குபீரென வெடித்து நாவெங்கும் பரவும். பாடத்தை மறந்தவர்களின் சட்டைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். என் கணவரின் வெள்ளைச் சட்டை ஒன்றும் அந்த வரிசையில் உண்டு.

ஊருக்கு ஊர் இதற்குப் பெயர் மாறும். மலேசியாவின் சில பகுதிகளில் இதனை ‘புவா மலாக்கா’ என்பர். ஜாவா தீவில் இதே பண்டம் ‘கிளெப்போன்’. அங்கே சென்று ‘ஒண்டே ஒண்டே’ என்று கேட்டால், எள்ளில் புரட்டி எண்ணெயில் பொரித்த வேறொரு உருண்டையை நீட்டுவார்கள். மொஜோகெர்த்தோ நகரம் அதற்குப் பெயர் பெற்றது. ஆகவே பெயரை நம்பி ஏமாற வேண்டாம்.

நம் கொழுக்கட்டைக்கு இது தூரத்து உறவு என்று சொல்லலாம். ஆயினும் மாவு வேறு. இதற்கு ஆவது பசையரிசி மாவு. இங்கு ‘புளுட்’ அரிசி என்பார்கள். சாதாரண அரிசியின் மாச்சத்தில் இருவகைக் கூறுகள் உண்டு. பசையரிசியிலோ ஏறக்குறைய முழுவதும் கிளைகள் விட்டுப் படர்ந்த ஒரே வகைதான். அதனாலேயே வெந்ததும் இழுவையாக, மெத்தென்று ஆகிறது. மாவைப் பிசைய ரம்பை இலைச் சாறு, உள்ளே வைக்கக் ‘குலா மலாக்கா’ எனப்படும் தென்னஞ் சர்க்கரை. தென்னம்பாளையைச் சீவி வடிக்கும் பதநீரைக் காய்ச்சி, மூங்கில் குழாய்களில் ஊற்றி இறுகச் செய்வது அது. நம் பனங்கருப்பட்டியின் உடன்பிறப்பு எனலாம். ஆனால் புகைமணம் சற்றுக் கூடுதல்.

கீழக்கரையில் கிண்டும் தொதலும் காயல்பட்டினத்து வட்டலப்பமும் உண்டு வளர்ந்த நம் பெண்களுக்குத் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் கலந்த இந்த மணம் அந்நியமானதன்று. இங்குள்ள மலாய்க்காரர்களும் ‘டோடோல்’ என்று அதே தொதலைத்தான் கிண்டுகிறார்கள். கடல் வாணிபம் பண்டங்களோடு பலகாரங்களையும் சுமந்து சென்றிருக்கிறது.

இனி, என் வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

எங்கள் அடுக்குமாடியில் ஒரு மலாய் மூதாட்டி இருக்கிறார். நான் ‘மக்சிக்’ என்றழைப்பேன். என் பிள்ளைகளுக்கு அவர் ‘நேனெக்’, அதாவது பாட்டி. நோன்புக் காலத்தில் எங்கள் வீட்டிலிருந்து அவருக்குக் கஞ்சி போகும். அவர் வீட்டிலிருந்து எங்களுக்கு ஒரு தட்டு ஒண்டே ஒண்டே வரும். நான் திருமணமாகி இங்கு வந்த நாள்முதல் இந்த வழக்கம்.

2019ஆம் ஆண்டு என் மூத்த மகள் குர்ஆன் ஓதி முடித்தாள். அல்ஹம்துலில்லாஹ். புளோக்கின் கீழ்த்தளத்தில் உறவினரையும் அண்டை அயலாரையும் அழைத்துச் சிறு விருந்து வைத்தோம். “உம்மா, நேனெக் செய்யும் ஒண்டே ஒண்டே மாதிரியே ஒரு கேக் வேண்டும்” என்றாள் மகள். அந்த ஆண்டுகளில் சிங்கப்பூரின் கேக் கடைகளிலெல்லாம் அதுதான் பேச்சு. பச்சை நிறக் கேக்கின் அடுக்குகளுக்கிடையே சர்க்கரைப் பாகில் வதக்கிய தேங்காய், மேலே பாற்குழைவு, சுற்றிலும் துருவல். பார்க்கக் கண்கொள்ளாத அழகு. ‘இதில் என்ன பெரிய வித்தை?’ என்று நானே களத்தில் இறங்கினேன்.

நான்கு தவறுகள் செய்தேன். நீங்களும் செய்துவிடக் கூடாதே என்பதால் மறைக்காமல் எழுதுகிறேன். இலை அரைக்கச் சோம்பிப் புட்டியில் விற்கும் பச்சை எசென்ஸை ஊற்றினேன். கேக் அரசு மருத்துவமனைச் சுவரின் நிறத்தில் வந்தது. உண்மையான ஒண்டே ஒண்டேக்களையே அடுக்குகளுக்கு நடுவே பதித்து, இரவு முழுவதும் குளிர்பதனப் பெட்டியில் வைத்தேன். காலையில் அவை கோலிக்குண்டுகள். பசையரிசி மாவு குளிரில் இறுகிவிடும் என்பதும், உருகிய சர்க்கரையும் உள்ளே உறைந்துவிடும் என்பதும் எனக்கு அப்போது தோன்றவில்லை. மேலே பூசிய பாற்குழைவு சிங்கப்பூர் வெப்பத்துக்கு ஒரு மணி நேரம்கூடத் தாக்குப்பிடிக்காமல் ஒரு பக்கமாகச் சரிந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஆவியில் வேக வைக்காத பச்சைத் தேங்காய்த் துருவலைக் காலையிலேயே சுற்றிலும் ஒட்டியிருந்தேன். அஸருக்கு முன்பே அது புளித்து நாறியது.

விருந்தாளிகள் நாகரிகம் மிக்கவர்கள். யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆளுக்கொரு வாய் எடுத்துவிட்டுத் தட்டுகளை ஓரமாக வைத்தார்கள். அதே மேசையில் மக்சிக் கொண்டுவந்த நூறு ஒண்டே ஒண்டேக்கள் பத்தே நிமிடத்தில் தீர்ந்தன. ஓதி முடித்த மகிழ்ச்சிக்கென்று செய்த உணவை, ஒரு டஜன் முட்டையும் வெண்ணெயுமாகக் குப்பையில் கொட்டியபோது என் மனம் பட்ட பாட்டை எழுத முடியாது. வீண்விரயம் எவ்வளவு பெரிய குற்றம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பவளும் நானேயல்லவா?

நான்கு ஆண்டுகள் கழிந்தன. 2023இல் இளைய மகளின் முறை வந்தது. அழைப்புச் சொல்ல மக்சிக் வீட்டுக்குப் போனேன். அவர் தம் கைகளை என்முன் நீட்டினார். விரல் மூட்டுகள் வீங்கி, கோணிப் போயிருந்தன. “இந்த முறை என்னிடம் எதிர்பார்க்காதே, அடெக். மாவைப் பிசைந்தாலும் உருட்ட முடியவில்லை” என்றார். அவருடைய பெண் மக்கள் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். கடையில் வாங்கித்தான் அவர்களுக்குப் பழக்கம்.

மறுபடியும் கேக் செய்வதென்று அன்றுதான் முடிவெடுத்தேன். இம்முறை அது அலங்காரத்துக்கன்று. மக்சிக்கின் தட்டு இருந்த இடத்தில் அது நிற்க வேண்டும்.

இங்கே ஓர் ஐயத்தைத் தீர்த்துவிட்டு மேலே செல்வோம். ‘விழாவுக்குக் கேக் வைப்பது மேற்கத்தியர் வழக்கமாயிற்றே, மலாய்ப் பலகாரத்துக்கு அந்த வேடம் தேவைதானா?’ என்று சில பெரியவர்கள் கேட்கக்கூடும். மலாய்க்காரர் இல்லங்களில் குர்ஆன் ஓதி முடித்தாலும், திருமணமென்றாலும், குழந்தைக்கு முடி இறக்கினாலும் மஞ்சள் நிறப் பசையரிசிச் சோறு வைப்பார்கள். அதன் பெயர் ‘புளுட் கூனிங்’. அடுக்கடுக்கான தாங்கிகளில் அதை நிரப்பி, அவித்த முட்டைகளைக் காகிதப் பூக்களோடு சேர்த்துக் குச்சிகளில் நட்டு வைக்கும் அழகு ஒன்று உண்டு. ஜாவாவில் அதே மஞ்சள் சோறு கூம்பு வடிவில் எழும். அதற்குத் ‘தும்பெங்’ என்று பெயர். விருந்தின் நடுவே உயரமாக ஒன்றை நிறுத்தி, அதைச் சுற்றி மக்கள் கூடி, வெட்டிப் பங்கிட்டு உண்பது இம்மக்களுக்குக் கேக் வருவதற்கு முன்பே தெரிந்த ஒன்றுதான். பிறந்தநாள் கொண்டாடலாமா கூடாதா என்ற விவாதத்துள் நான் நுழையவில்லை. அதனை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பலகாரத்துக்கு மதச்சாயம் பூசும் வம்பும் நடந்ததுண்டு. 2020 ஜூலையில், ‘கிளெப்போன் இஸ்லாமியப் பண்டமன்று, அதை விட்டுப் பேரீச்சம்பழப் பண்டங்களை எங்கள் கடையில் வாங்குங்கள்’ என்னும் பொருள்படும் படமொன்று இந்தோனேசியாவில் இணையத்தின் வழியே காட்டுத்தீயாய்ப் பரவியது. அப்படியொரு கடை இருக்கிறதா என்பதே ஐயமாயிற்று; எவரோ வம்பு வளர்க்கச் செய்த வேலை என்றே பலரும் கருதினர். அரிசி, தேங்காய், சர்க்கரை, இலைச்சாறு ஆகிய நான்கில் எது ஹராம்? மக்கள் சிரித்துவிட்டு மேலும் கிளெப்போன் வாங்கித் தின்றார்கள். அதுவே தக்க பதில்.

உண்மையில் கவனம் வேண்டியது பலகாரத்தை விடக் கேக்கில்தான். பாற்குழைவைக் கெட்டியாக்கச் சேர்க்கும் ஜெலட்டின் எந்த விலங்கின் எலும்பிலிருந்து வந்தது? வெனிலா சாறு என்று விற்பதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மதுசாரம் இருக்கலாம். மேலே பாகு பூசும் தூரிகை எந்த முடியால் ஆனது? சிங்கப்பூரில் முயிஸ் என்னும் இஸ்லாமிய சமய மன்றம் 1978 முதல் ஹலால் சான்றிதழ் வழங்கி வருகிறது. மலேசியாவில் ஜாக்கிம் சான்று உண்டு. கடைப் பொருள்களில் அந்த முத்திரையைப் பார்த்து வாங்குகிறோம். ஆனால் வீட்டில் செய்யும் கேக்கில் இவற்றின் தேவையையே நீக்கிவிட முடியும் என்பதை இந்த இரண்டாம் முயற்சியில்தான் கற்றேன்.

முதலில் மணம். ரம்பை இலையில் வெனிலாவின் இடத்தை நிரப்பும் மணம் இயற்கையாகவே இருக்கிறது. பாசுமதி அரிசி கொதிக்கும்போது எழும் மணத்துக்குக் காரணமான அதே பொருள்தான் இந்த இலையிலும் உள்ளது. இளம் இலையைவிட முற்றிய கரும்பச்சை இலையில் மணம் மிகுதி. இருபது இலைகளைக் கழுவிப் பொடியாக நறுக்கி, 100 மில்லி தண்ணீர் விட்டு அரைத்து, துணியில் வடிகட்டி, கண்ணாடிக் குவளையில் ஊற்றிக் குளிர்பதனப் பெட்டியில் ஓர் இரவு வையுங்கள். காலையில் கரும்பச்சைச் சாறு அடியில் தங்கி, மேலே வெளிறிய நீர் நிற்கும். மேல்நீரை மெல்ல வடித்துவிட்டு அடியில் உள்ளதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சாயம் ஒரு துளியும் வேண்டாம். நிறம் சற்று மங்கலாகத்தான் இருக்கும். இலையின் நிறம் அதுவே.

கேக்குக்கு வெண்ணெய் ஆகாது. அதன் மணம் இலையின் மணத்தை அமுக்கிவிடும். இதற்கேற்றது எண்ணெய் சேர்க்கும் சிஃபான் கேக். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஹாரி பேக்கர் என்ற காப்பீட்டு முகவர் 1927இல் கண்டுபிடித்து, இருபது ஆண்டுகள் இரகசியமாக வைத்திருந்த செய்முறை அது. அதில் ரம்பையையும் தேங்காய்ப்பாலையும் சேர்த்துத் தென்கிழக்காசியர் தமதாக்கிக்கொண்டனர். ஆறு முட்டைகளின் மஞ்சள் கருவோடு 60 கிராம் சர்க்கரை, 80 மில்லி மணமற்ற எண்ணெய், 80 மில்லி கெட்டித் தேங்காய்ப்பால், 40 மில்லி இலைச்சாறு ஆகியவற்றைக் கலந்து, 140 கிராம் கேக் மாவும் ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடரும் கால் தேக்கரண்டி உப்பும் சலித்துச் சேர்க்க வேண்டும். ஆறு வெண்கருவையும் ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு விட்டு அடித்து, 80 கிராம் சர்க்கரையைச் சிறிது சிறிதாகத் தூவி, நுரை கொம்பு போல் நிற்கும் வரை அடியுங்கள். பாத்திரத்தில் எண்ணெய்ப் பசையோ மஞ்சள் கருவின் துளியோ இருந்தால் நுரை எழாது. நுரையை மூன்று தவணையாக மாவுக்கலவையில் மடித்துச் சேர்த்து, 20 செ.மீ. அகலமும் நல்ல ஆழமும் உள்ள தட்டில் ஊற்றி, 160 டிகிரியில் 45 முதல் 50 நிமிடம் வேகவிடுங்கள். தட்டின் பக்கங்களில் எண்ணெய் தடவாதீர்கள். கேக் சுவரைப் பற்றிக்கொண்டுதான் மேலே ஏறும். வெந்ததும் இரு கோப்பைகளின் மீது தலைகீழாகக் கவிழ்த்து ஆற வைக்க வேண்டும். இல்லையேல் அமுங்கிப்போகும்.

அடுத்தது தேங்காய்ப் பூரணம். 150 கிராம் தென்னஞ் சர்க்கரையை 80 மில்லி நீரில் ஒரு ரம்பை இலை முடிச்சிட்டுக் கரைத்து, வடிகட்டி, 200 கிராம் துருவலையும் ஒரு சிட்டிகை உப்பையும் சேர்த்து, நீர் வற்றியும் ஈரம் மாறாத பதத்தில் இறக்குங்கள். கெய்லாங் செராய் சந்தையில் சர்க்கரை வாங்கும்போது மக்சிக் சொல்லிக் கொடுத்த சூட்சுமம் ஒன்று உண்டு. கரும்புச் சர்க்கரை கலந்தது கல் போல் இருக்கும். கலப்பில்லாதது கத்திக்கு எளிதில் இணங்கும், சற்று ஈரப்பதமாகவும் இருக்கும். ஊரில் இருப்பவர்கள் பனங்கருப்பட்டி போடலாம். சுவை மாறும், கெடாது.

இனி, என் முதல் கேக்கைக் கவிழ்த்த பாற்குழைவு. அதற்கு மாற்று நம் வீட்டு நோன்பு திறக்கும் மேசையிலேயே இருந்தது. கடற்பாசிதான் அது! சிங்கப்பூரின் பழைய ரம்பை அடுக்குக் கேக்கில் கடற்பாசியும் பச்சைப்பயற்று மாச்சத்தும் சேர்த்துக் காய்ச்சிய தேங்காய்ப்பால் கூழைத்தான் அடுக்குகளுக்கிடையே ஊற்றுவார்கள். கடற்பாசி செந்நிறக் கடற்தாவரங்களிலிருந்து எடுப்பது. ஜெலட்டினைப் பற்றிய ஐயத்துக்கே இடமில்லை. அதற்கு மற்றுமொரு நற்குணம் உண்டு. ஏறத்தாழ 35, 40 டிகிரியிலேயே இறுகும். இறுகியபின் 85 டிகிரி வரை சூடேற்றினால்தான் உருகும். நம் வெயில் அதை ஒன்றும் செய்யாது. 300 மில்லி தண்ணீரில் ஒன்றரைத் தேக்கரண்டி கடற்பாசித் தூளைக் கொதிக்கவிட்டுக் கரைத்து, 140 கிராம் தென்னஞ் சர்க்கரை சேருங்கள். 400 மில்லி தேங்காய்ப்பாலில் 50 கிராம் பயற்று மாச்சத்தைக் கட்டியின்றிக் கரைத்து, அதில் ஊற்றிக் கைவிடாமல் கிளறுங்கள். இங்கு ‘ஹூன் குவே’ என்று விற்கும் அந்த மாவு கிடைக்காவிடில் சோளமாவு போதும். பளபளப்பாகக் கெட்டிப்பட்டதும் தாமதிக்கக் கூடாது. கேக்கை மூன்று அடுக்காக அறுத்து, கேக்கைவிடச் சற்று அகலமான வளையத்துக்குள் வைத்து, அடுக்கின்மேல் பூரணம், அதன்மேல் சுடச்சுடக் கூழ் என ஊற்றி, பக்கங்களிலும் வழிந்து நிரம்பச் செய்யுங்கள். சில மணி நேரம் குளிரவிட்டால் கத்திக்கு அசையாமல் நிற்கும்.

மேலே தூவும் துருவலைச் சிறிது உப்பும் ரம்பை இலையும் சேர்த்துப் பத்து நிமிடம் ஆவியில் வேகவைத்து ஆறவிடுங்கள். விருந்து தொடங்கும் வேளையில்தான் ஒட்ட வேண்டும். அன்றே உண்டு முடித்துவிட வேண்டும். தேங்காய் விஷயத்தில் சலுகையே கிடையாது.

விருந்துக்கு ஒரு வாரம் முன்பு சிறிய அளவில் ஒன்று செய்து மக்சிக்குக் கொண்டுபோனேன். மெல்ல மென்றார். கண்களை மூடிக்கொண்டார். “மணம் இருக்கிறது. சர்க்கரையும் சரி. ஆனால், அடெக், இது வெடிக்கவில்லையே” என்றார்.

அந்த ஒரு சொல்லில் எல்லாம் அடங்கிவிட்டது. எத்தனை அடுக்கு அடுக்கினாலும் கேக்கில் வராதது அந்த வெடிப்பும் பசையரிசியின் இழுவையும்தான். பேர்பெற்ற கடைகளின் கேக்கிலும் அவை இல்லை. ஒண்டே ஒண்டேயின் நிறமும் மணமும் இனிப்பும் கேக்குக்கு இடம் மாறிவிடுகின்றன. உயிர் மட்டும் உருண்டையிலேயே தங்கிவிடுகிறது. பூரணத்துக்குள் பாகை ஊற்றி வைத்தும் பார்த்தேன். கேக் அதை உறிஞ்சிக்கொண்டு நசநசத்துப் போயிற்று.

அப்படியானால் உண்மையான உருண்டைகளையே கேக்கின் உச்சியில் வைப்பது. உள்ளே அன்று, மேலே. முந்திய நாளன்று, வெட்டுவதற்குச் சற்று முன். முப்பது போதும். யார் உருட்டுவது என்பதுதான் கேள்வி. நான் உருட்டினால் வெந்நீரில் பாதி வாய்பிளந்து பாகைக் கக்கிவிடும். மக்சிக் என் இளைய மகளைப் பார்த்தார்.

விருந்தன்று காலையில் பத்து வயதுப் பெண் மேசையருகே நின்றாள். மக்சிக் நாற்காலியில் அமர்ந்து வாயாலேயே வேலை வாங்கினார். 200 கிராம் பசையரிசி மாவில் 150 மில்லி இலைநீரைச் சிறிது சிறிதாக விட்டு, காதுமடல் போல் மெத்தென்று வரும் வரை பிசையச் சொன்னார். நெல்லி அளவு கிள்ளி, உள்ளங்கையில் தட்டி, பொடியாக நறுக்கிய சர்க்கரையை நடுவில் வைத்து, விளிம்புகளைக் கூட்டி, வெடிப்பேதும் இல்லாமல் உருட்ட வேண்டும். கொதிநீரில் இட்டதும் அடியில் கிடந்து, வெந்ததும் தானே மிதந்து வரும். “மிதந்தவுடன் எடுத்துவிடாதே. இன்னும் ஒரு நிமிடம் விடு. உள்ளே சர்க்கரை உருக வேண்டாமா?” என்றார். முதல் ஆறு உருண்டைகள் நீரிலேயே கரைந்தன. ஏழாவதிலிருந்து கை தெளிந்தது.

அஸருக்குப் பின் துஆ ஓதி முடித்து, பிஸ்மில்லாஹ் சொல்லிக் கேக்கை வெட்டினோம். சரியவில்லை, புளிக்கவில்லை. நாற்பது பேருக்குச் சிறு துண்டுகளாகப் பங்கிட்டதில் மிஞ்சியதென்று ஏதுமில்லை. ஆனால் கேக்கை வெட்டும் முன்பே மேலிருந்த உருண்டைகளில் பாதியைக் காணோம். எந்தக் கைகள் எடுத்தன என்று விசாரிக்கவில்லை.

மகள் தான் ஒளித்து வைத்திருந்த ஒன்றை ஒரு தட்டில் வைத்து மக்சிக்கிடம் கொண்டுபோய் நின்றாள். அவர் அதைக் கோணிய விரல்களால் எடுத்து, முழுதாக வாயில் இட்டு, உதடுகளை மூடிக்கொண்டார். நாங்கள் எல்லோரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். கன்னம் ஒருமுறை அசைந்தது.

“சர்க்கரையை இன்னும் பொடியாக நறுக்கு” என்றார். “வெள்ளிக்கிழமை பள்ளி முடிந்து வா. மாவு நான் வாங்கி வைக்கிறேன்.”